நாப்கின் பொட்டலத்தில் ஒளித்தவர்கள்: பெண்கள் குழுவில் மூன்று ஆண்டுகள்

கடைசியாகக் குடித்து மூன்று ஆண்டும் நான்கு மாதமும் ஆகின்றன. அதற்கு முன்பும் ஒருமுறை நிறுத்தி, ஏழு மாதம் தாக்குப்பிடித்து, மறுபடி குடித்தேன். முதல்முறை நான் போனது, குடியை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் குழு, ஆண்களும் பெண்களும் கலந்தது. இரண்டாம் முறை பெண்கள் மட்டும் கூடும் குழு. இரண்டிலும் இருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். சேர்ந்த புதிதிலேயே எழுதியிருந்தால் இது வெறும் புகழுரையாகப் போயிருக்கும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நெடுநாள் தினமும் குடித்தவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. நிறுத்திய முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் குழப்பமும் பிரமையும் நடுக்கமும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குழு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது மருத்துவமனை ஆகாது. நான் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்திய பிறகுதான் முதல் கூட்டத்துக்குப் போனேன்.

அது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வழியில் நடந்த குழு. 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் குடியிலிருந்து மீளப் போராடிய இரண்டு ஆண்கள் தொடங்கிய அமைப்பு அது. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. முழுப் பெயரை யாரும் கேட்பதில்லை. இவை மூன்றும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தன, இன்றும் இருக்கின்றன. அறையில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இருப்போம். பெண்கள் இரண்டு பேர். அந்த இன்னொரு பெண்ணும் மூன்றாம் மாதத்தோடு வராமல் போனார்.

எவரும் என்னை அவமதிக்கவில்லை. ஆனாலும் பேச எழுந்தால் மனதுக்குள் ஒரு கத்தரிக்கோல் வேலை செய்யத் தொடங்கிவிடும். பாட்டிலை எங்கே ஒளித்தீர்கள் என்ற பேச்சு வந்தபோது "அலமாரியில்" என்றேன். உண்மையில் அது இருந்தது சானிட்டரி நாப்கின் பொட்டலத்துக்குள். வீட்டில் வேறு யாரும் கை வைக்காத ஒரே இடம் அது. குழந்தைக்கு மருந்து ஊற்றும்போது கை நடுங்கிக் கரண்டி தளும்பியதை "வீட்டுப் பொறுப்புகளில் கொஞ்சம் கவனக்குறைவு" என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனால் அப்படிச் சொன்ன எதுவும் என்னுடையதாகவும் இல்லை.

ஒருநாள் நான் குடித்த அளவைச் சொன்னபோது, வயதில் மூத்த ஒருவர் "இவ்வளவுதானா, தங்கச்சி?" என்றார். சிரித்துக்கொண்டே, அன்பாகத்தான் கேட்டார். அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துப் போனேன். இவ்வளவுதானே, இதற்கா இத்தனை பாடு என்று இரண்டு வாரம் அதையே உருட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் குடித்தேன். பழியை அவர்மேல் போட மாட்டேன். எனக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, அது கைக்கு எட்டும் இடத்தில் கிடந்தது. பிறகு மருத்துவர் விளக்கினார்: பெண்ணின் உடலில் நீரின் விகிதம் பொதுவாகக் குறைவு என்பதால், ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் மது அதிகமாக ஏறும். கல்லீரல் பாதிப்பும் குறைந்த ஆண்டுகளிலேயே வந்துவிடும். "இவ்வளவுதானா" என்பது ஓர் ஆணின் அளவுகோல்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புதிதாக வரும் பெண்ணுக்கு "வழிகாட்டுகிறேன்" என்று இரவு நேரத்தில் தொலைபேசியில் அழைக்கும் ஆண்கள் சில குழுக்களில் உண்டு. உறுப்பினர்களே அதற்குப் 'பதின்மூன்றாம் படி' என்று கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். குடியிலிருந்து மீள அந்த அமைப்பு சொல்லும் படிகள் உள்ளபடி பன்னிரண்டுதான். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண் வழிகாட்டியாக இருப்பது நல்லது என்று மூத்தவர்கள் வற்புறுத்துவதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இதெல்லாம் புதிய குறையும் இல்லை. 1939-இல் வெளிவந்த அந்த அமைப்பின் அடிப்படை நூலில் 'மனைவிகளுக்கு' என்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. குடிப்பவர் கணவர், காத்திருப்பவர் மனைவி என்ற கணக்கு. அதே ஆண்டில்தான் மார்ட்டி மான் என்ற பெண் உள்ளே வந்தார். அந்த அமைப்பின் வழியாகக் குடியை விட்ட முதல் பெண்களில் அவரும் ஒருவர். 1975-இல் ஜீன் கிர்க்பேட்ரிக் என்ற அமெரிக்கப் பெண் பெண்களுக்காகவே 'விமன் ஃபார் சொப்ரைட்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார். பன்னிரண்டு படிகளுக்குப் பதிலாகப் பதின்மூன்று உறுதிமொழிகள். அகந்தையை உடைக்க வேண்டும் என்று பழைய வழி சொல்கிறது. ஏற்கெனவே குற்ற உணர்வில் நொறுங்கி வருகிற பெண்ணிடம் உடைக்க என்ன மிச்சம், அவளுக்குத் தன்மேல் மதிப்புதானே வேண்டும் என்பது கிர்க்பேட்ரிக்கின் வாதம். எனக்கு இதில் பாதி சம்மதம். என்னிடம் அகந்தையும் இருந்தது. "நான் யாரையும் தொந்தரவு செய்யவில்லையே" என்பது அதன் குரல்.

பெண்கள் குழுவைக் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆனது. ஓர் இணையவழிக் குழுவில் அறுபது பேர், எனக்குப் பேச வாய்ப்பே வரவில்லை. ஆலோசகர் நடத்திய இன்னொரு குழு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பன்னிரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. மூன்றாவதாகக் கிடைத்தது இந்தப் புதன்கிழமைக் குழு. ஒன்பது பேர், ஒரு மணி நேரம். முதல்நாள் நான் வாய் திறக்கவில்லை. எதிரில் இருந்த ஒரு பெண் தன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவர், போகிறபோக்கில், "நாப்கின் பொட்டலத்துக்குள்தான் வைத்திருப்பேன்" என்றார். மூன்று பேர் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நான்காவதாகச் சிரித்தது நான். சிரிப்பு அழுகையாக மாறிய பிறகும் யாரும் என் தோளைத் தட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது என்பது அங்கே விதி.

கூட்டத்தைவிடக் கூட்டங்களுக்கு இடைப்பட்ட நாட்களில்தான் எனக்கு அதிகம் கிடைத்தது. ஒவ்வொருவரிடமும் மற்றவர்களின் எண்கள் இருக்கும். மாலை ஆறு முதல் ஒன்பதுவரை எனக்கு ஆபத்தான நேரம்: பசி, களைப்பு, வீட்டுப்பாடம், சமையல், எல்லாம் ஒன்றாக வந்து மோதும். "முதலில் சாப்பிடு, பிறகு என்னைக் கூப்பிடு" என்றார் என் ஸ்பான்சர், அதாவது குழுவில் எனக்கு வழிகாட்டியாக இருப்பவர். எரிச்சலாக இருந்தது. ஆனால் பத்தில் ஏழு முறை சாப்பிட்டதும் கூப்பிடும் தேவையே இல்லாமல் போனது. கணவர் வீட்டிலேயே குடிக்கும்போது என்ன செய்வது, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஏன் ஆசை கூடுகிறது, குடித்தது தெரிந்தால் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம்: இவற்றையெல்லாம் முன்னுரை இல்லாமல் பேச முடிந்தது.

குறைகளும் உண்டு. இரண்டாம் ஆண்டில் ஒருவர் பகிர்ந்தது வெளியே கசிந்தது. யார் வழியாக என்று கடைசிவரை தெரியவில்லை. அவர் பிறகு வரவேயில்லை. அந்தக் காயம் குழுவில் இன்றும் ஆறவில்லை. அடுத்தது, குழு சின்னது. மூன்று பேருக்கு உடம்பு சரியில்லை என்றால் கூட்டமே இல்லை. மென்மையும் சில நேரம் அளவு மீறும். நான் இரண்டு மாதம் சாக்குப்போக்கு சொன்னபோது எல்லோரும் தலையசைத்தார்கள். "நீ பொய் சொல்கிறாய்" என்று முகத்துக்கு நேரே சொன்னது பழைய கலப்புக் குழுவின் நண்பர் ஒருவர்தான். அதனால் மாதம் ஒருமுறை அங்கேயும் போய்வருகிறேன்.

மருந்து விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். குடிக்கும் ஆசையைக் குறைக்க மருத்துவர்கள் தரும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரையைச் சாப்பிட்டு வந்த ஒரு புதியவரிடம், மாத்திரையோடு இருந்தால் அது உண்மையான மீட்சி இல்லை என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்லிவிட்டார். மருத்துவர் வேலையை உறுப்பினர்கள் செய்யக் கூடாது என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் சொந்த வழிகாட்டுதல். அடுத்த வாரமே அதைக் கூட்டத்தில் வாசித்தோம். குழு தேடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: மருந்து பற்றி இங்கே என்ன சொல்கிறார்கள்? அதன்பின் குறைந்தது ஐந்து கூட்டமாவது இருந்து பாருங்கள். முதல் கூட்டத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் நம் பயத்தைத்தான்.

இப்போது அறைச் சாவி என்னிடம் இருக்கிறது. புதன்கிழமைகளில் கால் மணி நேரம் முன்பே போய் நாற்காலிகளைப் போடுவேன். நேற்று ஒரு புதிய எண்ணிலிருந்து செய்தி வந்தது: "வந்தால் பேசித்தான் ஆக வேண்டுமா?" வேண்டாம், கதவு ஓரமாக ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன் என்று பதில் அனுப்பினேன். இன்னும் அவர் அதைப் பார்க்கவில்லை.