ஏரிக்கரையில் உட்கார்ந்து வரைய: பென்சிலா, வாட்டர்கலரா, கைப்பேசியா?

இயற்கை நாட்குறிப்பு தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, எதில் வரைவது என்பதைத்தான். படங்கள் அழகாக இருக்க வேண்டும் என்பது நோக்கமாக இருந்தால் பதில் வேறு. ஓர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்து, கண்ணில் படுவதை முழுசாகப் பார்க்கும் பயிற்சிக்காக என்றால் என் ஓட்டு பென்சிலுக்கு. வேடந்தாங்கல் ஏரிக்கரையை வைத்துச் சொல்கிறேன், டிசம்பர், ஜனவரி மாதங்களில் பறவைகளைத் தேடி அலையவே வேண்டாம், கரையில் உட்கார்ந்தால் போதும்.

கைப்பேசியின் பெரிய வசதி வேகம், இந்தப் பயிற்சிக்கு அதுதான் இடைஞ்சலும். அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை முழுதாகப் படம் எடுத்தவர்களுக்கு, சும்மா பார்த்தவர்களைவிட அவை குறைவாகவே நினைவில் இருந்தன. ஆனால் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களிடம் அந்தக் குறை தெரியவில்லை. அதனால் கேமராவையே குற்றம் சொல்ல மாட்டேன், எடுத்தாச்சு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணை நகர்த்திவிடுவதுதான் சிக்கல்.

பென்சிலில் அப்படி நகர முடியாது. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் பக்கத்துப் பக்கத்துக் கிளைகளில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும், தூரத்தில் பார்த்தால் இரண்டும் கறுப்புப் பறவை, அவ்வளவுதான். வரையத் தொடங்கினால் அலகின் நுனியில் பென்சில் நின்றுவிடும்: வளைக்கவா, நேராக விடவா? மறுபடி நிமிர்ந்து பார்த்தால்தான் நீர்க்காகத்துக்கு நுனி கொக்கி போல வளைந்திருப்பதும் பாம்புத்தாராவுக்கு ஈட்டி மாதிரி நேராக இருப்பதும் தெரியும். நத்தைகுத்தி நாரையும் இப்படித்தான். வளர்ந்த பறவையின் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும், குஞ்சுக்கு இருக்காது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வரைகிறவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படம் கோணலாக வந்தால் என்ன? பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு எழுதுங்கள்: மணி, காற்று, பறவை என்ன செய்தது, உங்களுக்கு எழுந்த கேள்வி. இந்த எழுத்தில்லாமல் வெறும் படத்தோடு நிறுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் கேள்வி எழுதினவர்தான் அடுத்த வாரம் அதே மரத்தடிக்குப் பதில் தேடி வருவார். அழிக்கிற ஆசை விடாதவர்களுக்குப் பால்பாயிண்ட் பேனா இன்னும் நல்லது.

வாட்டர்கலருக்கு வேறு வகையான பொறுமை வேண்டும். சாதாரண நோட்டுத் தாள் ஈரம் பட்டதும் நெளிந்துவிடும், 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) தடித்த தாள் என்றால் விலையும் எடையும் கூடும். ஈரப்பதம் மிகுந்த காலையில் முதல் பூச்சு காய்வதற்குள் பறவை பறந்துவிடும். ஆனால் அசையாத விஷயங்களுக்கு, அதாவது ஏரியின் நீருக்கு, மேகத்துக்கு, நீர்க்கடம்பின் இலைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ட்யூபில் வரும் பச்சை எந்த இலையின் பச்சையும் இல்லை. நீலத்தையும் மஞ்சளையும் கலந்து, துளி செம்மண் நிறம் சேர்த்து, தாள் ஓரத்தில் தீற்றிப் பார்த்து, இலையைப் பார்த்து, திரும்பக் கலந்து... இதிலேயே அரை மணி நேரம் போகும், மனசும் அந்த ஒரு நிறத்திலேயே அடங்கிவிடும். பென்சிலால் இது முடியாது. சங்குவளை நாரையின் பின்பக்கத்து இளஞ்சிவப்பைப் பென்சில்காரர் சொல்லாகத்தான் எழுதிவைக்க முடியும்.

சரி, எதை வாங்குவது? முதல் சில மாதங்களுக்கு ஒரு 2பி பென்சிலும் கோடு போடாத நோட்டும் மட்டும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் பன்னிரண்டு நிற கேமல் வாட்டர்கலர் பெட்டி, ஒரே ஒரு நடுத்தரத் தூரிகை. கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். வரைந்து முடித்ததும் பறவையை ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் பெயரைச் சரிபார்த்து, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிவிடலாம்.