டென்டல் காலேஜுக்கு ஐடி சப்போர்ட்: சொந்த ஆளா, லோக்கல் ஏஎம்சியா, மொத்தமா வெளிய கொடுக்கறதா?

டென்டல் காலேஜுக்கு ஐடி ஆள் வைக்கறதா வெளிய கொடுக்கறதான்னு யோசிக்கறவங்க தயவுசெஞ்சு இன்ஜினியரிங் காலேஜ்ல வேலை பாக்கற மச்சான் கிட்ட ஐடியா கேக்காதீங்க. அவங்களுக்கு கம்ப்யூட்டர் லேப், ஹாஸ்டல் வைஃபை, வெப்சைட், அதுக்குள்ள முடிஞ்சிரும். நம்மளது பாதி காலேஜ், பாதி ஆஸ்பத்திரி. கிளாஸ்ல ப்ரொஜெக்டர் ஓடலைன்னா சார் போர்டுல வரைஞ்சு சமாளிச்சிருவார், அதே நேரத்துல எண்டோ (ரூட் கெனால் பண்ற) டிப்பார்ட்மென்ட்ல ஆர்விஜி, அதாவது வாய்க்குள்ள சென்சார் வச்சு கம்ப்யூட்டர்ல பாக்கற பல் எக்ஸ்ரே, ஓடலைன்னா ஒரு பேஷன்ட் வாயைத் திறந்துக்கிட்டு சேர்ல படுத்துருப்பாரு. இந்த வித்தியாசம் புரியாம போட்ட கான்ட்ராக்ட் எல்லாமே ஆறு மாசத்துல சண்டைல போய் நிக்குது.

நான் இங்க மனசுல வச்சுப் பேசறது தமிழ்நாட்டுல நிறைய இருக்கே அந்த மாதிரி காலேஜ், வருஷத்துக்கு 100 பிடிஎஸ் சீட், நாலஞ்சு பிஜி டிப்பார்ட்மென்ட், டவுன்லேர்ந்து கொஞ்சம் தள்ளி ஹைவே ஓரமா ஒரு கேம்பஸ், ட்ரஸ்ட் நடத்துது, பில்லு எல்லாம் கரெஸ்பாண்டென்ட் டேபிளுக்குத்தான் போகும்.

முதல்ல சொந்த ஆள். சிஸ்டம் அட்மின்னு ஒருத்தர், கூட ஒரு பையன். இதுல இருக்கற பெரிய வசதி, கூப்பிட்டா ரெண்டு நிமிஷத்துல வந்து நிப்பார், எந்த டிப்பார்ட்மென்ட்ல எந்த மெஷின் அடம் பிடிக்கும்னு அவருக்குத் தெரியும், எந்த ஹெச்ஓடி கிட்ட எப்படிப் பேசணும்னும் தெரியும். கஷ்டம் என்னன்னா அவர் நல்லா வேலை கத்துக்கிட்ட அன்னைக்கே சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்பிருவார், பாஸ்வேர்டு எல்லாம் அவர் தலைக்குள்ளயே போயிரும். அதோட ட்ரஸ்ட்டோட நர்சிங் காலேஜ், ஸ்கூல், கரெஸ்பாண்டென்ட் வீட்டு சிசிடிவி எல்லாமே இவர் தலைலதான் விழும். ஃபயர்வால், பேக்கப், செக்யூரிட்டி இதெல்லாம் ஒரே ஆள் கிட்ட எதிர்பாக்கறது நியாயமும் இல்ல. 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ்லயே ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிட்டுக் காசு கேக்கற வைரஸ்) புகுந்து ஓபி டோக்கன்லேர்ந்து லேப் ரிப்போர்ட் வரைக்கும் கையால எழுதற நிலைமை வந்துச்சு. அவ்ளோ பெரிய இடத்துக்கே அந்த கதின்னா ஒத்தை ஆளை வச்சு ஓட்டற நம்ம இடத்தைப் பத்தி சொல்லவே வேணாம்.

ரெண்டாவது, டவுன்ல இருக்கற கம்ப்யூட்டர் கடைக்காரர் கிட்ட வருஷ ஏஎம்சி, அதாவது வருஷத்துக்கு இவ்ளோன்னு பேசி வைக்கற பராமரிப்பு கான்ட்ராக்ட். ரேட்டு கம்மி, அதனாலதான் எல்லாரும் இங்க ஆரம்பிக்கறாங்க. ஆபீஸ் பிசி, பிரின்டர், கேபிள், கேமரா வரைக்கும் இது போதும், சும்மா சொல்லக்கூடாது. காம்ப்ரிஹென்சிவ்னு (பார்ட்ஸும் சேத்துன்னு) எழுதியிருந்தாலும் யூபிஎஸ் பேட்டரி, டோனர், அடாப்டர் இதெல்லாம் கிடையாதுன்னு கீழ பொடி எழுத்துல இருக்கும், அதை மட்டும் பாத்துக்கோங்க.

ஆனா கிளினிக் உள்ள அந்தப் பையனைத் தனியா விடாதீங்க. எங்க கிட்ட ஒரு ஏஎம்சி பையன் வந்தான், பேரு வேணாம், ஆர்விஜி வச்சிருந்த பிசி ஸ்லோவா இருக்குன்னு சொன்னதுக்கு "ஃபார்மட் பண்ணி விட்டுடறேன் மேடம், பறக்கும்"னான். பறந்துச்சு. கூடவே சென்சாரோட கேலிபரேஷன் ஃபைலும் பறந்துச்சு. ஆர்விஜி சென்சார் நிறைய மாடல்ல அந்த சென்சார் சீரியல் நம்பருக்குன்னே ஒரு ஃபைல் இருக்கும், அது இல்லாம சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகும், சென்சார் மட்டும் படம் குடுக்காது. சிடி எங்க, யார் கிட்ட, எந்த பீரோலன்னு தேடி, கடைசில கம்பெனிக்கு மெயில் போட்டு வாங்கி, அது வர வரைக்கும் பிஜி பசங்க பழைய ஃபிலிமை டெவலப்பர்ல முக்கிக்கிட்டு நின்னாங்க. படங்கள் டி டிரைவ்ல இருந்ததால தப்பிச்சுது, சி-ல இருந்திருந்தா ஒரு பிஜியோட தீசிஸே போயிருக்கும். பையன் மேல கோவப்பட்டு என்ன பண்றது, ஆபீஸ் பிசிக்கு அவன் செஞ்சது சரியான வைத்தியம்தான்.

மூணாவது, மொத்தமா ஒரு ஐடி சர்வீஸ் கம்பெனி கிட்ட கொடுக்கறது. கேம்பஸ்ல ஒரு ரெசிடென்ட் இன்ஜினியர், டிக்கெட் போட ஒரு போர்ட்டல், ரிமோட்ல இருந்து சர்வரைப் பாத்துக்கற டீம், எவ்ளோ நேரத்துல என்ன செய்வோம்னு எழுதித் தர்ற எஸ்எல்ஏ. நெட்வொர்க், ஃபயர்வால், ஆன்டிவைரஸ், பேக்கப் விஷயத்துல இவங்கதான் பெஸ்ட், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது, கேம்பஸ்ல எந்தெந்த மெஷின் இன்னும் அதுல ஓடுதுன்னு லிஸ்ட் கேட்டா சொந்த ஆள் ஒவ்வொரு ரூமா ஏறி இறங்கணும், இவங்க உக்காந்த இடத்துலேர்ந்தே எடுத்துக் கொடுத்துருவாங்க.

பிரச்சனை எஸ்எல்ஏல. "4 மணி நேரத்துல ரெஸ்பான்ஸ்"னு போட்டுருப்பாங்க. ரெஸ்பான்ஸ்னா ஒருத்தர் ஃபோன் எடுத்து டிக்கெட் நம்பர் சொல்லுவாரு, அவ்ளோதான், சரி பண்றதுக்கு கணக்கு வேற. இப்ப எண்டோ கிளினிக்ல நடக்கறதைப் பாருங்க. ரூட் கெனால் பண்ற பிஜி, ரப்பர் டேம் போட்டு, கெனாலுக்குள்ள ஃபைலை (ஊசி மாதிரி ஒரு கருவி) இறக்கி, வொர்க்கிங் லென்த், அதாவது எவ்ளோ ஆழம் போகணும்னு பாக்க ஒரு ஆர்விஜி எடுக்கணும், எக்ஸ்போஷர் கொடுத்த சில செகண்ட்ல படம் ஸ்க்ரீன்ல வரணும். வரலைன்னா பல்லுக்குள்ள ஃபைலோட பேஷன்ட் படுத்துருக்காரு, மரத்துப்போக போட்ட ஊசியோட வேகம் இறங்கிட்டு இருக்கு, வெளிய அடுத்த அப்பாயின்ட்மென்ட் உக்காந்துருக்கு. அங்க போய் 4 மணி நேரம்னா ஓபியே முடிஞ்சிரும். இன்னொன்னு, ஆர்விஜி, ஓபிஜி (முழுத் தாடை எக்ஸ்ரே), சிபிசிடி (3டி ஸ்கேன்) சாஃப்ட்வேர் எல்லாம் "தேர்ட் பார்ட்டி அப்ளிகேஷன், எங்க ஸ்கோப்ல வராது"ன்னு ஒரு வரி எல்லா கான்ட்ராக்ட்லயும் ஒளிஞ்சிருக்கும். சிபிசிடி கம்பெனிக்காரன் "உங்க நெட்வொர்க் சரியில்ல"ம்பான், ஐடி கம்பெனிக்காரன் "அவன் சாஃப்ட்வேர் சரியில்ல"ம்பான், நடுவுல நிக்கறது ஓரல் மெடிசின் ஹெச்ஓடி.

காசு பத்தி ஒரு விஷயம், குவட்டேஷன் கம்பேர் பண்றவங்க நிறைய பேர் விட்டுடறாங்க. கம்பெனி பில்லுக்கு 18% ஜிஎஸ்டி. காலேஜ் ஃபீஸுக்கும் ஆஸ்பத்திரி சிகிச்சைக்கும் வரி விலக்கு இருக்கறதால, கட்டின ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டா திரும்ப எடுக்க நம்மளால முடியாது. அதனால மாசம் 1,00,000 ரூபாய்னு குவட்டேஷன் வந்தா நமக்கு அது 1,18,000. சொந்த ஆளுக்கு சம்பளத்தோட பிஎஃப் மாதிரி செலவு வரும், ஜிஎஸ்டி வராது. இதைச் சேத்துக் கணக்கு போட்டா "வெளிய கொடுத்தா சீப்"ங்கற பேச்சு சின்ன காலேஜ்ல நிறைய நேரம் அடிபட்டுப் போகுது.

சரி, இ-லேர்னிங். இங்கதான் எனக்கு சொல்ல நிறைய இருக்கு.

கூகுள் கிளாஸ்ரூம், சொந்த மூடில் (ஆன்லைன்ல பாடம், குவிஸ் நடத்தற சாஃப்ட்வேர், அதாவது எல்எம்எஸ்), வெளி ஆள் நடத்தித் தர்ற மூடில், காலேஜ் நிர்வாகத்துக்கு வாங்கற ஈஆர்பி கூடவே வர்ற எல்எம்எஸ், இந்த நாலுக்குள்ளதான் சுத்துவோம். கடைசிலேர்ந்து வர்றேன். ஈஆர்பி எல்எம்எஸ் பெரும்பாலும் நாக் (காலேஜுக்குத் தரம் போடற அமைப்பு) விசிட்டுக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கத்தான் பிறந்துருக்கு. ஃபீஸ், அட்டென்டன்ஸுக்கு ஈஆர்பி நல்லது, பாடத்துக்கு அதை நம்பாதீங்க, நான் பாத்த வரைக்கும் பிடிஎஃப் ஏத்தறதைத் தாண்டி அதுல யாரும் ஒன்னும் பண்ணல.

கூகுள் கிளாஸ்ரூம் 2014-லேர்ந்து இருக்கு, எஜுகேஷன் ஃபண்டமென்டல்ஸ் இலவசம், பசங்களுக்கு சொல்லிக் கொடுக்கவே வேணாம். நோட்டீஸ், அசைன்மென்ட், நோட்ஸுக்கு இதை அடிச்சுக்க ஆள் இல்ல. ஸ்டோரேஜ் முன்னாடி மாதிரி அளவில்லாம கிடையாது, மொத்த காலேஜுக்கும் சேத்து 100 டிபின்னு ஆயிருச்சு, நம்ம சைஸுக்கு அது தாராளம், சர்ஜரி வீடியோவையும் சிபிசிடியையும் எல்லாரும் டிரைவ்ல கொட்டாம இருந்தா. ஆனா டென்டலுக்குன்னு ஒரு இடத்துல இது கையை விரிச்சிரும். ஃபர்ஸ்ட் இயர் ஓரல் ஹிஸ்டாலஜில ஒரு ஸ்லைடு படத்தைக் கொடுத்து எனாமல் ராட் எங்க, இன்க்ரிமென்டல் லைன் எங்கன்னு குறி வைக்கச் சொல்லணும். கூகுள் ஃபார்ம்ல அதைப் பண்ண முடியாது, நாலு ஆப்ஷன் கொடுத்து டிக் அடிக்கச் சொல்லலாம், அவ்ளோதான். மூடில்ல படத்து மேல மார்க்கரை இழுத்து வைக்கற கேள்வி கூடவே வருது. ஹிஸ்டாலஜி, ரேடியாலஜி ரெண்டுக்கும் இந்த ஒரு வசதிக்காகவே நான் மூடில் பக்கம்.

மூடில் 2002-லேர்ந்து இருக்கற ஓப்பன் சோர்ஸ், லைசென்ஸ் காசு கிடையாது, நடத்தறதுக்குத்தான் காசு. அதை நம்ம சர்வர் ரூம்லயே வச்சா முதல் பவர் கட்லயே பாடம் கத்துக்கலாம். வெளிய கொடுத்தா ரெண்டு விஷயம் கேளுங்க. எந்த வெர்ஷன்? 4.5-க்கு செக்யூரிட்டி அப்டேட் 2027 அக்டோபர் வரைக்கும் உண்டு, 4.1 எல்லாம் 2025 டிசம்பரோட முடிஞ்ச கதை, இன்னும் அதையே ஓட்டிக்கிட்டு "ஸ்டேபிள் சார்"னு சொல்றவங்க இருக்காங்க. அடுத்தது, 100 பேர் ஒரே நிமிஷத்துல குவிஸ் ஆரம்பிச்சா தாங்குமா? ஷேர்டு ஹோஸ்டிங்ல (பல வெப்சைட் பங்கு போடற சர்வர்ல) போட்டுக் கொடுத்துட்டு டெமோல அஞ்சு பேரை வச்சுக் காட்டுவாங்க, இன்டர்னல் அசெஸ்மென்ட் அன்னைக்கு காலைல "டேட்டாபேஸ் கனெக்ஷன் ஃபெயில்டு"ன்னு வெள்ளை ஸ்க்ரீன் வரும், அப்புறம் எல்லாருக்கும் பேப்பர்தான்.

இதெல்லாம் கூட காசு கொடுத்தா சரியாயிரும். சரியாகாதது கன்டென்ட். "டிஜிட்டல் கன்டென்ட் நாங்களே ரெடி பண்ணித் தர்றோம்"னு ஒரு லைன் போட்டு அதுக்குத் தனி ரேட் போடறாங்க, என்ன வருதுன்னு பாத்தா நம்ம பிபிடியே ஒரு லோகோவோட பிடிஎஃப்பா திரும்பி வருது. நம்ம பசங்களுக்குத் தேவை அது இல்ல. வேக்ஸ் கார்விங் டெமோ எடுத்துக்கோங்க. மேடம் ஒரு மெழுகுக் கட்டைல மேல் சென்ட்ரல் இன்சைசரைச் செதுக்கிக் காட்டுவாங்க, சுத்தி மூணு வரிசையா கோட்டு போட்ட கூட்டம், முன்வரிசை பத்து பேருக்குத் தெரியும், மத்தவங்களுக்கு மேடத்தோட முதுகுதான் தெரியும். இதுக்கு ஒரு கேமராவை மேலேர்ந்து நேரா இறக்கி, கார்வர் பிடிக்கற கை மறைக்காம இடது பக்கம் லைட் வச்சு, லேப் மானிட்டர்ல ஓட்டி, அப்படியே ரெக்கார்ட் பண்ணி மூடில்ல போட்டா, பசங்க ராத்திரி ஹாஸ்டல்ல பாஸ் பண்ணிப் பண்ணிச் செதுக்கறாங்க. கேமரா, எடிட்டிங் வெளி ஆள் பண்ணலாம். லிங்குவல் பக்கம் (பல்லோட உள்பக்கம்) சிங்குலம்ங்கற மேடு திரும்பற இடத்துல ஸ்லோ பண்ணணும், மெழுகுத் தூளை ஊதற இடத்தை வெட்டணும்னு பக்கத்துல உக்காந்து சொல்ல நம்ம ஆள் வேணும். எடிட்டர் பையனுக்கு சிங்குலம் என்ன கண்டான்.

அதனால ஒரு லெக்சரருக்கு வாரத்துல அரை நாள் கிளினிக் போஸ்டிங்கைக் குறைச்சு இந்த வேலைக்கு விடுங்க, பேருக்கு கோஆர்டினேட்டர்னு ஆர்டர் போட்டுட்டு எல்லா டூட்டியும் அப்படியே வச்சா ஒன்னும் நடக்காது.

பேஷன்ட் போட்டோ விஷயம் தனி. டிபிடிபி சட்டம், அதாவது தனிப்பட்ட டேட்டாவைப் பாதுகாக்கற சட்டம், 2023-ல வந்துச்சு, விதிகள் 2025 நவம்பர்ல வந்துருச்சு, முழுசா அமலுக்கு வர்றது படிப்படியாத்தான். அந்த சட்டப்படி பொறுப்பு காலேஜோடது, கம்பெனி நமக்காக டேட்டாவைக் கையாள்ற ஆள் மட்டும்தான், பாதுகாப்புல கோட்டை விட்டா அபராதம் 250 கோடி வரைக்கும் போகலாம். பீடோ (குழந்தைங்க பல்) டிப்பார்ட்மென்ட்ல இன்னும் கவனம் வேணும், 18 வயசுக்குக் கீழன்னா அப்பா அம்மா சம்மதம் வேணும். கேஸ் பிரசென்டேஷனை மூடில்ல ஏத்தும்போது முகத்தை மறைங்க, ஓபி நம்பரை எடுங்க, ஓபிஜி படத்து மூலைல பேரு பதிஞ்சிருக்கும், நிறைய பேர் அதை மறந்துடறாங்க.

எனக்குத் தோணறது இதுதான்: எல்லா ஆபீஸ்லயும் ஒரே மாதிரி இருக்கற வேலையை வெளிய கொடுங்க, டென்டல்ல மட்டும் இருக்கற வேலையை உள்ள வைங்க. நெட்வொர்க், ஃபயர்வால், மெயில், பேக்கப், மூடில் ஹோஸ்டிங் கம்பெனிக்கு. பிரின்டரும் ஆபீஸ் பிசியும் லோக்கல் கடைக்கு, அதுக்குப் போய் பெரிய கம்பெனி ரேட் கொடுக்க வேணாம். கிளினிக் மெஷினுக்கும் கன்டென்ட்டுக்கும் ஒரு சொந்த ஆள், ஒரே ஒருத்தர் போதும், ஆனா அவரை நர்சிங் காலேஜுக்கு அனுப்பக்கூடாது. பிஜியே இல்லாத 40, 50 சீட் காலேஜ்னா மூடில் வேணாம், கூகுள் கிளாஸ்ரூமும் ஏஎம்சியும் ஒரு ஆளும் வச்சு ஓட்டிரலாம்.

கம்பெனி கூட கையெழுத்து போடறதுக்கு முன்னாடி டொமைன் பேரு காலேஜ் மெயில் ஐடில ரிஜிஸ்டர் ஆயிருக்கா பாருங்க, அட்மின் பாஸ்வேர்டு ஒரு காப்பி சீல் போட்டு பிரின்சிபால் லாக்கர்ல இருக்கணும்னு எழுதி வாங்குங்க, கிளினிக் நேரத்துக்குத் தனி எஸ்எல்ஏ கேளுங்க, எவ்ளோ நேரத்துல ஃபோன் எடுப்பாங்கன்னு இல்ல, எவ்ளோ நேரத்துல படம் ஸ்க்ரீன்ல வரும்னு. ஆர்விஜிக்கு எல்லாம் செட் பண்ணி ரெடியா ஒரு ஸ்பேர் லேப்டாப்பை கிளினிக் அலமாரில வச்சிட்டா பாதி சண்டை குறையும். அப்புறம் மூடில் பேக்கப்பை, டேட்டாபேஸும் ஃபைல் ஃபோல்டரும் ரெண்டும் சேத்து, வேற ஒரு மெஷின்ல உங்க ஆள் கண்ணு முன்னாடி ரீஸ்டோர் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. "அதெல்லாம் கிளவுட்ல சேஃபா இருக்கு சார்"னு மழுப்பினா அடுத்த குவட்டேஷனை எடுங்க.