சாதா ஆல்டர்நேட்டர், ஸ்மார்ட் ஆல்டர்நேட்டர்: பேட்டரிக்கு எது நல்லது?

வண்டி ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரியைச் சார்ஜ் செய்வதுதான் ஆல்டர்நேட்டர். சாதா, ஸ்மார்ட் இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே இயந்திரம்தான். என்ஜின் பெல்ட் உள்ளே இருக்கும் மின்காந்தமான ரோட்டாரைச் சுற்றுகிறது, அதைச் சூழ்ந்து அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் சுருள்களில் மூன்று ஃபேஸ் மாறுமின்சாரம் பிறக்கிறது, டயோடுகள் அதை நேர்மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகின்றன. ரோட்டாருக்குள் விடும் கரண்ட்டைக் கூட்டிக் குறைத்தால் வெளியே வரும் வோல்டேஜும் கூடும், குறையும். அந்த அளவை யார் முடிவு செய்வது என்பதில்தான் வித்தியாசம்.

சாதா ஆல்டர்நேட்டரில் அதன் முதுகிலேயே இருக்கும் ரெகுலேட்டர் முடிவு செய்யும். வோல்டேஜை 14-ஐ ஒட்டி நிறுத்துவது ஒன்றுதான் அதன் வேலை. சோதிப்பதும் சுலபம். நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், ஸ்டார்ட் செய்ததும் 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் வந்தால் சரி. ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால் பெல்ட், கார்பன் பிரஷ், டயோடு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஸ்மார்ட் வகையில் முடிவு என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ கையில். பேட்டரியின் மைனஸ் முனையில் இருக்கும் சென்சார், உள்ளே போகும் கரண்ட்டையும் வெளியே போவதையும் அளந்துகொண்டே இருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இசியூ ஆல்டர்நேட்டரின் சுமையைக் குறைத்துவிடும். காலை எடுத்ததும் 15 வோல்ட்டை ஒட்டிக்கூட ஏற்றும். வேகம் குறையும்போது வீணாகும் ஆற்றல் இப்படிப் பேட்டரிக்குள் போவதால் எரிபொருள் கொஞ்சம் மிச்சமாகிறது. ஆனால் வந்ததை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் வேண்டுமே! அதனால் அதை முழுசாக நிரப்பாமல் 80 சதவீதம் வாக்கில் வைத்திருக்கும்.

சிக்கல் இங்கேதான். அரைகுறை சார்ஜிலேயே கிடக்கும் ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதைத் தாங்கத்தான் ஏஜிஎம், இஎஃப்பி என்ற மேம்பட்ட ஈய-அமில பேட்டரி வகைகள். விலை குறைவு என்று சாதாரண பேட்டரியை மாட்டினால் அது சீக்கிரமே படுத்துவிடும். அப்புறம், என்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரில் 12.8 வோல்ட் வந்தவுடன் ஆல்டர்நேட்டர் போச்சு என்று கழற்றிவிடாதீர்கள். பல வண்டிகளில் ஹெட்லைட்டைப் போட்டாலே வோல்டேஜ் ஏறிவிடும். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போதும் கறுப்பு கிளிப்பை மைனஸ் முனையில் போடாமல் பாடி எர்த்தில் போடுங்கள். இல்லையென்றால் அப்போது பாயும் கரண்ட், சென்சாரின் கணக்கிலேயே வராது.

நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு ஸ்மார்ட் வகையால் தொந்தரவே இல்லை. பேட்டரி நிரம்ப நேரமே கொடுக்காமல் பக்கத்திலேயே போய்த் திரும்பும் வண்டிக்கு நான் சாதா வகையைத்தான் சொல்வேன். இருப்பது ஸ்மார்ட் வகை என்றால், அவ்வப்போது ராத்திரி வெளிச்சார்ஜரைப் போட்டு பேட்டரியை முழுசாக நிரப்பிவிடுங்கள்.