பழுது பார்ப்பதா, இடித்துக் கட்டுவதா?

அகமதாபாத் ஐஐஎம் வளாகம் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் 1960களில் வடிவமைத்தது. பூச்சில்லாத செங்கல் சுவர்கள், அவற்றில் பெரிய பெரிய வட்டத் திறப்புகள். நூலகத்தைப் பழுது பார்த்தார்கள். 2019இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. விடுதிகளுக்கு வேறு கதை. 18இல் 14ஐ இடிக்கப்போவதாக 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. உலகெங்கும் எதிர்ப்பு, சில நாட்களில் வாபஸ். 2022இல் மறுபடி இடித்துக் கட்டும் முடிவு.

நிர்வாகத்திடமும் நியாயம் உண்டு. நூலகத்தில் யாரும் இரவு தூங்குவதில்லை. விடுதியில் கூரை ஒழுகுகிறது, செங்கல் உப்புப் பூத்து உதிர்கிறது, 2001 நிலநடுக்கம் வேறு ஆட்டிவிட்டுப் போயிருக்கிறது. இடித்தால் இன்றைய விதிப்படி உறுதியாகக் கட்டலாம். பழுது பார்ப்பது மெதுவான வேலை. அப்புறம் பராமரிப்பும் ஓயாது.

என் ஓட்டு பழுது பார்ப்பதற்குத்தான். புது விடுதி எந்த ஊரிலும் கட்டலாம். வட்டத்துக்குள் வெயில் விழும் அந்த நடைவழியைத் திரும்பக் கட்ட கான் இல்லை.