கடைக் கணினிக்கு க்ரானா, சிஸ்டம்டி டைமரா?

காரைக்குடியில் ஆத்தங்குடித் தரைக் கல் விற்கும் கடை ஒன்றின் கணினியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஓடுவது டெபியன் லினக்ஸ் இயங்குதளம். அன்றாடம் அலுப்புத் தட்டும் வேலைகள் இரண்டு. ஒன்று, கல் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பத் தோதாகச் சிறிதாக்குவது. கண்ணாடி மேல் வார்த்த கல் என்பதால் பளபளப்பில் வெளிச்சம் அடித்துப் பாதிப் படம் வீணாகும்; ஆகவே ஒவ்வொரு வடிவத்துக்கும் ஐந்தாறு எடுத்துக் குவித்துவிடுவார்கள். மற்றது, கணக்குக் கோப்புகளை வெளி வன்தட்டில் நகலெடுப்பது. இரண்டுக்கும் கட்டளைகளை வரிசையாக எழுதிய சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் போதும். அதை நேரத்துக்கு ஓட்டுவது எது என்பதுதான் கேள்வி: பழைய க்ரானா, கணினி எழுந்ததும் சேவைகளைத் தொடங்கிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டியின் டைமரா? நகல் விஷயத்தில் நான் டைமர் கட்சி.

க்ரான் 1970களின் யூனிக்ஸிலிருந்து வருவது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை, பிறகு கட்டளை: ஒரே வரியில் வேலை முடிந்தது. இரவு பகலாக ஓடும் கணினி என்றால் வேறெதையும் தேடியிருக்க மாட்டேன்.

கடைக் கணினி அப்படி ஓடுவதில்லை. இரவு பூட்டும்போது கடைக்கார ஆச்சி மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார். பராமரிப்பு மின்தடை நாளில் காலையிலிருந்து மாலைவரை கரண்ட் கிடையாது. இன்வெர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும்தான். மதியம் ஒன்றரைக்கு நகலெடு என்று க்ரானில் எழுதியிருந்து, அந்த நிமிடம் கணினி அணைந்திருந்தால் அன்றைய நகல் போனது போனதுதான். சொல்லவும் சொல்லாது.

டைமர் கோப்பில், எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் ‘ஆன்கேலண்டர்’ வரிக்குக் கீழே ‘பெர்சிஸ்டென்ட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கினால், கடைசியாக ஓடிய நேரத்தை வட்டில் குறித்துக்கொள்ளும். கணினியைப் போட்டதும், தவறிய வேலையைத் தானே ஓட்டிவிடும். பொங்கலுக்கு மூன்று நாள் கடை அடைத்தாலும் திறந்ததும் ஓடுவது ஒரே முறை. நகலுக்கு அது போதும். ஒரு எச்சரிக்கை: வன்தட்டு இணைவதற்குள் ஸ்கிரிப்ட் கிளம்பினால், நகல் கணினியின் சொந்த வட்டிலேயே போய் விழும். இணைக்க வேண்டிய வட்டுகளின் பட்டியலான எஃப்எஸ்டேபில் வன்தட்டைக் குறித்து, எந்த ஸ்கிரிப்டை ஓட்டுவது என்று சொல்லும் சர்வீஸ் கோப்பில், வட்டு இணைந்த பிறகே ஓடு என்னும் ‘ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்’ வரியைச் சேர்த்தால் அந்தக் கவலை இல்லை.

“நேற்றுக் கணக்கு ஏறிவிட்டதா தம்பி?” என்று ஆச்சி கேட்டால், ‘சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்’ கட்டளை கடைசியாக ஓடிய நேரத்தைக் காட்டும், ஓடியதில் கோளாறு உண்டா என்பது ‘ஜர்னல்சிடிஎல்’ காட்டும் பதிவில் இருக்கும். க்ரானோ வெளியீட்டை உள்ளூர் அஞ்சலுக்கு அனுப்பப் பார்க்கும். அஞ்சல் நிரல் நிறுவாத கணினியில் அது காற்றோடு போகும்.

டைமருக்கு விலையும் உண்டு. ஒரு வரிக்குப் பதில் டைமர், சர்வீஸ் என இரண்டு கோப்புகள், திருத்தும்போதெல்லாம் அவற்றைத் திரும்பப் படிக்கச் சொல்லும் ‘டீமன்-ரீலோட்’. பயனர் கணக்கில் வைத்தால், வெளியேறிய பிறகும் ஓடவிடும் ‘லிங்கர்’ போடாதவரை உள்நுழைந்திருக்கும்போது மட்டுமே ஓடும். அதனால் கணினி அளவிலேயே வைத்தேன். க்ரானுக்குத் துணையாக வரும் அனாக்ரானும் தவறியதைப் பிடிக்கும், ஆனால் அதற்கு நாள் கணக்குதான், மணிக் கணக்கு இல்லை. அதை வீட்டு மடிக்கணினியில் கொஞ்ச நாள் பார்த்ததோடு சரி. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

படம் சிறிதாக்கும் வேலை இன்னும் க்ரானில்தான் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுவது. ஒரு முறை தவறினால் அடுத்த முறை அதே படங்களை எடுத்துக்கொள்ளும். அதற்குப் போய் இரண்டு கோப்புகள் எழுதச் சோம்பலாக இருக்கிறது.