ரப்பர் விசை ஸ்பெக்ட்ரம்: ஆறு வருஷத்துக்குப் பிறகு

போன மாதம் என் ஸ்பெக்ட்ரம் 48கே, அதாவது 1980களில் பிரிட்டனின் சின்க்ளேர் நிறுவனம் விற்ற சின்ன வீட்டுக் கணினி, பழுது பார்த்து மேசைக்குத் திரும்பியது. படம் எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன். "பையனுக்குப் பத்து வயசாகுது, ஒண்ணு வாங்கித் தரலாமாடா?" என்று கேட்டான். ஒரு வரியில் சொல்ல வரவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

இசட்80ஏ செயலி, 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகம் எல்லாம் தெரிந்த கதை. எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் இரண்டே நிறம்தான் வரும் என்பதால் ஒரு பொம்மையின் நிறம் இன்னொன்றில் அப்பிக்கொள்ளும். அதுகூடப் பழகிவிட்டது. இன்றுவரை பழகாதது ஒன்றுதான்: விசைப்பலகை.

ரப்பரைச் சொல்லவில்லை, அது எனக்குப் பிடிக்கும். எழுத்தெழுத்தாகத் தட்ட விடாது, அதுதான் எரிச்சல். வரியின் தொடக்கத்தில் 'பி'யை (P) அழுத்தினால் 'பிரிண்ட்' என்று முழுச் சொல்லும் வந்து விழும். 'ஜே' என்றால் 'லோட்'. இதுவரை சுகம். ஆனால் மொத்தம் இருப்பது 40 விசை. 'பீ' (B) என்ற ஒரு விசையை மட்டும் பாருங்கள்: சின்ன எழுத்து, பெரிய எழுத்து, 'பார்டர்', பெருக்கல் குறி, மேலே பச்சையில் 'பின்', கீழே சிவப்பில் 'பிரைட்'. ஆக ஆறு வேலை. எழுத்தின் நிறத்தை மாற்ற 'இங்க்' வேண்டுமா? கேப்ஸ் ஷிஃப்ட், சிம்பல் ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். கர்சர் 'ஈ' என்று மாறும். பிறகு சிம்பல் ஷிஃப்டோடு 'எக்ஸ்'. மூன்று எழுத்துச் சொல்லுக்கு நான்கு அழுத்து! நேற்றுகூட ஓடிவந்த யோசனை இதைத் தேடும்போது அறுந்துபோனது.

காரணம் இல்லாமல் இப்படிச் செய்யவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இதே நிறுவனத்தின் முந்தைய கணினி, 1980இல் வந்த இசட்எக்ஸ்80இல் ரோம் (கணினியின் சொந்த நிரல் இருக்கும் நிரந்தர நினைவகம்) 4 கிலோபைட், ராம் (நாம் எழுதுவது தங்கும் தற்காலிக நினைவகம்) வெறும் ஒரு கிலோபைட். ஒரு விசைக்கு ஒரு சொல் என்று வைத்துவிட்டால், தட்டிய எழுத்துகளைப் படித்து இது என்ன கட்டளை என்று பிரித்தறியும் வேலை ரோமுக்கு மிச்சம். அப்படித்தான் கூடு உட்பட 100 பவுண்டுக்குள் ஒரு கணினியை நிறுவனர் கிளைவ் சின்க்ளேரால் விற்க முடிந்தது. 1982 ஏப்ரலில் ஸ்பெக்ட்ரம் வந்தபோது ரோம் 16 கிலோபைட் ஆகிவிட்டது, கட்டளைகளும் பெருகிவிட்டன, முறை மட்டும் அதேதான். ஸ்டீவ் விக்கர்ஸ் எழுதிய அந்த பேசிக் நிரல்மொழியை நான் மதிக்கிறேன். வரியில் தப்பு இருந்தால் என்டர் அடித்தாலும் ஏற்காது, தப்பான இடத்தில் கேள்விக்குறி மின்னும். எனக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தது அந்தக் கேள்விக்குறிதான்.

ரிக் டிக்கின்சன் வடிவமைத்த அந்தக் கறுப்பு உடலுக்கு இன்னும் வயதாகவில்லை. பழுதுக்காகத் திறந்தபோது அரை மணி நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். விசைகள் அத்தனையும் ஒரே ரப்பர் பாய். மேலே ஒரு தகடு, அடியில் ஒரு மெல்லிய படலம், விசைப்பலகை அவ்வளவுதான். 48கே மாடல் அன்று 175 பவுண்டு, போட்டிக் கணினியான பிபிசி மைக்ரோ பி மாடல் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் விலை. எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் கணினி கிடைத்தது இந்தச் சிக்கனத்தால்!

சரி, நண்பனுக்குப் பதில்: வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு வேண்டாம் என்கிறேன், தெரிகிறது. பத்து வயதுப் பிள்ளை 'இங்க்' தேடியே சலித்துவிடுவான். பிறகு வந்த 128கே மாடலில் எழுத்தெழுத்தாகத் தட்டலாம், கிடைத்தால் அதைப் பார்.

இதையேதான் வாங்குவேன் என்றால் அடாப்டரில் கவனம். இதற்கு 9 வோல்ட், நடுமுனை மைனஸ். ஒரு கடைக்காரர் நடுமுனை பிளஸ் அடாப்டரைத் தந்துவிட்டார், நானும் பார்க்காமல் செருகினேன். டிஆர்4 டிரான்சிஸ்டரும் இரண்டு 4116 நினைவகச் சில்லும் போயின. மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே செருகு.