வேட்பாளர் அறிவை மதிப்பவரா? மைநேதா, பிஆர்எஸ் தளங்கள் எதுவரை உதவும்

தேர்தல் நெருங்கினால் வாட்ஸ்அப்பில் "நம்ம தொகுதி வேட்பாளர் எதுவரை படிச்சிருக்கார்" என்ற பட்டியல் சுற்றத் தொடங்கிவிடும். இத்தகைய விவரத்துக்குப் பலரும் நாடுவது, தேர்தல் சீர்திருத்தத்துக்காக இயங்கும் ஏடிஆர் (ADR) அமைப்பு இலவசமாக நடத்தும் மைநேதா (MyNeta) தளம். வேட்புமனுவோடு தாக்கலாகும் படிவம் 26 உறுதிமொழிப் பத்திரத்தைப் படித்து, வழக்கு, சொத்து, கல்வி என்று பிரித்துத் தருகிறது. வழக்கும் சொத்தும் பார்க்க இதைவிட வசதியான இடம் இல்லை. ஆனால் ஒருவர் ஆய்வையும் தரவையும் துறை வல்லுநர்களையும் இளக்காரமாக நினைப்பவரா என்பதை அதன் கல்விக் கட்டத்தை வைத்து முடிவுசெய்தால் தவறிவிடும்.

அந்தக் கட்டத்தில் இருப்பது 5ஆம் வகுப்பு, 8, 10, 12, பட்டதாரி, முதுகலை, முனைவர் போன்ற சில பிரிவுகள்தான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராஜர் அதில் அடிவரிசையில் நிற்பார். 1954 முதல் 1963 வரை முதல்வராக இருந்த அவர், நெ.து. சுந்தரவடிவேலு போன்ற கல்வியாளரைத் துறையின் இயக்குநராக வைத்துக்கொண்டு, அவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டுப் பள்ளிகளைப் பெருக்கினார். மறுபக்கம், வேதியியலில் முதுகலை படித்த சத்யபால் சிங் மத்திய இணையமைச்சராக இருந்தபோது, 2018 ஜனவரியில், டார்வின் கோட்பாடு அறிவியல்படி தவறு, பாடத்திட்டத்திலிருந்து அது மாற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு அறிக்கை விட வேண்டியிருந்தது. கல்விக் கட்டம் இந்த இருவரையும் தலைகீழாகத்தான் வரிசைப்படுத்தும்.

கட்டத்தையே பார்ப்பதானாலும் மூலப் பத்திரத்தைத் திறந்து பாருங்கள். தேர்தல் ஆணையத்தின் உறுதிமொழிப் பத்திரத் தளத்தில் தேர்தல், மாநிலம், தொகுதியைத் தேர்ந்தெடுத்து, 'போட்டியிடுவோர்' என்ற நிலைக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தள்ளுபடியானவையும் வாபஸ் வாங்கியவையும் கலந்து வரும். பத்திரம் ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பதால் உள்ளே சொல்லைத் தேட முடியாது. கையால் எழுதியதாக இருந்தால் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். படிப்பின் முழுப்பெயர், நிறுவனம், முடித்த ஆண்டு மூன்றும் அதில் இருக்க வேண்டும். அதே வேட்பாளர் முந்தைய தேர்தலில் வேறு படிப்பைச் சொல்லியிருந்தால் அது நேர்மை பற்றிய கேள்வி. அறிவை மதிக்கிறாரா என்ற கேள்வி அப்போதும் அப்படியேதான் நிற்கும்.

அதற்கு நெருங்கி உதவுவது, நாடாளுமன்றச் செயல்பாடுகளைத் தொகுத்துத் தரும் பிஆர்எஸ் (PRS) ஆய்வு அமைப்பின் தளத்தில் உள்ள எம்.பி. பக்கம். வருகை சதவீதம், விவாதங்கள், கேள்விகள், தனிநபர் மசோதாக்கள் (அமைச்சரல்லாத எம்.பி.க்கள் கொண்டுவருபவை) ஆகியவற்றை மாநில, தேசிய சராசரியோடு சேர்த்துக் காட்டுகிறது. தமிழில் இல்லை என்பது பெரிய குறை. இன்னொன்று, எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. அமைச்சர்கள் கேள்வி கேட்பதில்லை, வருகைப் பதிவேட்டிலும் கையெழுத்திடுவதில்லை. அவர்களுக்கு அந்த இடம் காலியாக இருப்பதைச் சோம்பல் என்று படிக்காதீர்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு அவையில் வாய்மொழியாகப் பதில் தரும் 20 நட்சத்திரக் கேள்விகள், எழுத்தில் பதில் தரும் 230 நட்சத்திரமில்லாத கேள்விகள் பட்டியலாகின்றன. ஒரே கேள்வியைப் பலர் கொடுத்திருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். ஆகவே தலைப்பைக் குறித்துக்கொண்டு, நாடாளுமன்றத் தளத்தில் கேள்வியின் முழு வாசகத்தைத் திறங்கள். பல பெயர்களில் ஒன்றாக வரும் பொதுக் கேள்விக்கு அதிக மதிப்புத் தர வேண்டாம். "இத்திட்டம் எந்த ஆய்வின் அடிப்படையில் வந்தது, மாவட்டவாரியான தரவு என்ன" என்று துருவும் கேள்விதான் ஆளைக் காட்டும்.

பிஆர்எஸ் காட்டும் வருகை அவைக் கூட்டத்துக்கானது மட்டுமே. இதைத் தவிர, மசோதாக்களையும் துறைகளின் பணிகளையும் ஆராயும் எம்.பி.க்களின் துறைசார்ந்த நிலைக்குழுக்கள் 24 உள்ளன. வல்லுநர்கள் நேரில் வந்து சாட்சியம் சொல்வது அங்கேதான். ஒவ்வொரு அறிக்கையின் பின்பக்கத்திலும் அமர்வுக் குறிப்புகள் இருக்கும்: அன்று எந்த உறுப்பினர்கள் வந்தார்கள், யார் சாட்சியம் சொன்னார்கள் என்று. அறிக்கையோடு உடன்படாத உறுப்பினர் தன் மாற்றுக்கருத்துக் குறிப்பை இணைத்திருந்தால் அதை அவசியம் படியுங்கள். காரணமும் எண்ணும் காட்டி மறுப்பவர் அறிவுக்கு எதிரி அல்ல. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையைத் தன் வயல் மகசூல் கணக்கை வைத்து எதிர்க்கும் விவசாயியும் அப்படித்தான். "ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன தெரியும்" என்பதோடு நிறுத்தி, மறுதரவு எதுவும் தராதவர் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ஒரு மேடைப் பேச்சை வைத்துத் தீர்மானிக்காமல், வெவ்வேறு பொருள்களில் மூன்று நான்கு பேச்சுகளை முழுதாகப் பாருங்கள். வெட்டிய காணொளிகள் உதவாது.

முதல்முறை நிற்பவருக்கு மைநேதாவில் பத்திரம் இருக்கும், பிஆர்எஸ்ஸில் ஒன்றும் இருக்காது. அவர் வாக்குக் கேட்டு வரும்போது அவருடைய வாக்குறுதிகளில் ஒன்றை எடுத்து, செலவு எவ்வளவு, யாரைக் கலந்து முடிவு செய்தீர்கள், பலிக்கவில்லை என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குக் கோபப்படுகிறாரா, யோசிக்கிறாரா என்று கவனியுங்கள்.